'இன்க்ரீஸ்' பக்கத்தில் யாரை உட்கார வைப்பது?

லவ்டேல்ல இருந்து பேசுறேன். மழை இப்பதான் விட்டிருக்கு. தகரக் கூரையில சொட்டுற சத்தத்தை எடிட்டில் எடுக்கப் பார்த்தேன், முழுசா போகல. பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு ஒரே ஒரு சொல்: 'இன்க்ரீஸ்'. பெயர்ச்சொல்லா வரும்போது அதுக்குப் பின்னாடி 'இன்' வரணுமா, 'ஆஃப்' வரணுமா, 'டு' வரணுமா? ஸ்கூல்ல இதை மனப்பாடம் பண்ண வச்சாங்க. ஆனா மூணுமே சரிதான். மூணுக்கும் அர்த்தம்தான் வேற.

என்கூடப் படிச்ச ஒருத்தன் வருஷத்துக்கு 9 லட்சம் வாங்கிட்டிருந்தான். 12 லட்சம் வேணும்னு மேனேஜருக்கு மெயில் போட்டான். அதுல எழுதினது 'ஆன் இன்க்ரீஸ் ஆஃப் 12 லாக்ஸ்'. பதில் ஒரே வரி: அப்போ மொத்தம் 21 லட்சமா? அவன் கேட்டது நியாயமான தொகை. ஆனா அந்த மெயிலை டீம்ல நாலு பேர் சிரிச்சுக்கிட்டே ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் சீரியஸா பேரம் பேசவே அவனுக்குக் கூச்சம்.

'ஆஃப்' வந்தா எவ்வளவு கூடுச்சுன்னு அர்த்தம். 'டு' வந்தா கூடி எங்கே போய் நின்னுச்சுன்னு அர்த்தம்.

இங்க நீலகிரியில இந்த வித்தியாசம் எல்லார் வீட்டுக் கணக்குலயும் இருக்கு. குன்னூர், கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையைக் கிலோ கணக்குல ஃபேக்டரிக்குக் குடுக்கிறாங்க. பச்சை இலைக்கு மாசாமாசம் ஒரு சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குக் கிட்டத்தட்ட 4, 4.5 கிலோ பச்சை இலை வேணும். அதனால இலை விலை ஒரு ரூபாய் ஏறினாலே தூளோட அடக்க விலை நாலு ரூபாய்க்கு மேல ஏறும். கணக்குக்காக ஒரு எண் வச்சுக்குவோம்: இலை கிலோ 18 ரூபாய். 'இன்க்ரீஸ் டு 20 ருபீஸ்'னா 2 ரூபாய்தான் கூடியிருக்கு. 'இன்க்ரீஸ் ஆஃப் 20 ருபீஸ்'னா விலை 38. விக்கிறவருக்குத் தீபாவளி, வாங்குற ஃபேக்டரிக்குப் பூட்டு.

தமிழ்ல நாம இதைத் தப்பாச் சொல்றதே இல்லை. '20 ரூபாய் உயர்ந்தது' வேற, '20 ரூபாயாக உயர்ந்தது' வேற. அந்த 'ஆக' செய்யுற வேலையைத்தான் 'டு' செய்யுது. எழுதுறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாருங்க. 'ஆக' வந்தா 'டு' போடுங்க.

'இன்' விஷயத்துலதான் தமிழ் நம்மளைக் கொஞ்சம் ஏமாத்தும். 'விலை உயர்வு'ன்னு நாம ரெண்டு சொல்லை ஒட்ட வச்சிடுறோம், நடுவுல உருபே கிடையாது. அதை இங்கிலீஷ்ல பிரிக்கும்போது 'விலையின் உயர்வு'ன்னு நினைச்சு 'இன்க்ரீஸ் ஆஃப் பிரைஸ்'னு எழுதிடுறோம். எது மாறுச்சோ அதுக்கு முன்னாடி இங்கிலீஷ் போடுறது 'இன்': 'ஆன் இன்க்ரீஸ் இன் த பிரைஸ்'. கடையில 'விலையில ஏதாவது மாற்றம் இருக்கா?'ன்னு கேக்குறோமே, அந்த 'இல்'தான் இந்த 'இன்'. ரைஸ், ஃபால், ட்ராப், டிக்ரீஸ் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

'சேஞ்ச்' மட்டும் கொஞ்சம் வாலு. ரெஸ்பான்ஸ் டைம் தானா மாறினா 'சேஞ்ச் இன்'. நாமளே கோடுல கை வச்சா 'சேஞ்சஸ் டு த ஃபைல்'. புல் ரிக்வெஸ்ட்ல எழுதும்போது கவனிச்சுப் பாருங்க.

சரி, 'பை' எங்கே? அது வினைச்சொல்லோட ஆளு. 'த பிரைஸ் இன்க்ரீஸ்ட் பை 2 ருபீஸ்', ஆனா 'ஆன் இன்க்ரீஸ் ஆஃப் 2 ருபீஸ்'. இதுக்கு ஒரு வழி காதுலயே இருக்கு. பெயர்ச்சொல்லா இருந்தா அழுத்தம் முன்னாடி, 'இன்'ல விழும். வினைச்சொல்லா இருந்தா அழுத்தம் பின்னாடி, 'க்ரீஸ்'ல விழும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, பஸ்ல இருந்தா மெதுவா. அழுத்தம் முன்னாடின்னா 'ஆஃப்', பின்னாடின்னா 'பை'.

எல்லாத்தையும் ஒரே வாக்கியத்துல அடைக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். 'ஆன் இன்க்ரீஸ் இன் த பிரைஸ் ஆஃப் டீ ஆஃப் 2 ருபீஸ்'. இலக்கணம் சரி, ஆனா ரெண்டு 'ஆஃப்' முட்டிக்குது. எண்ணை முன்னாடி தூக்கிடுங்க: 'எ 2-ருபீ இன்க்ரீஸ் இன் த பிரைஸ் ஆஃப் டீ'. அங்க 'ருபீ' ஒருமைதான், கடைசியில 'ஸ்' கிடையாது.

சதவீதம் வந்தா இன்னும் ஒரு படி கவனம் வேணும். எரர் ரேட் 2 சதவீதத்துல இருந்து 3 சதவீதம் ஆச்சுன்னா, அது 'இன்க்ரீஸ் ஆஃப் 1 பர்சென்ட்' இல்லை, 'ஒன் பர்சென்டேஜ் பாயின்ட்'. சதவீதமாச் சொன்னா 50. டாஷ்போர்டுக்குக் கீழே எது எழுதியிருக்குங்கிறதைப் பொறுத்துதான் ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க ஃபோன் அடிக்கும், இல்ல அடிக்காது.

'ஹைக்'னு எழுதலாமான்னும் கேப்பீங்க. நம்ம ஊர் ஆபீஸ்ல சம்பள 'ஹைக்' எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு மெயில் போறதா இருந்தா, 'ரைஸ்'னு எழுதினா பிரிட்டன்ல சரி, 'ரெய்ஸ்'னு எழுதினா அமெரிக்கால சரி. லவ்டேல்ல 'ஹைக்'னா ஷூ மாட்டிக்கிட்டு மலை ஏறக் கிளம்பிடுவாங்க.