கோடை மழையும் பார லாரிகளும்

நவரை நெல் களத்திலிருந்து மண்டிக்கும், மாங்காய் தோப்பிலிருந்து சந்தைக்கும் செல்லும் சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை மழை திடீரெனப் பெய்வது வழக்கம். உழவுக்கு உதவும் அம்மழை, பாரம் ஏற்றிச் செல்லும் லாரிக்கு அபாயம் விளைப்பதாகும். அவ்வபாயத்தைத் தடுப்பது டிரைவரின் கடமை மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் எவ்வளவு பாரம் ஏற்றுவது, எப்பொழுது புறப்படுவது, எந்நேரத்தில் சந்தை சேர்வது என்பவற்றைப் பெரும்பாலும் முடிவு செய்பவர் சரக்குக்கு உரியவரே. ஆகையால் லாரியின் க்ஷேமத்தில் பாதி களத்திலேயே நிச்சயிக்கப்படுகின்றது.

முதல் தூறல்

பல வாரங்கள் காய்ந்து கிடந்த தார்ச் சாலையில் எண்ணெய்க் கசிவும், டயர் தேய்ந்த ரப்பர்த் துகளும், புழுதியும் படிந்திருக்கும். முதல் தூறல் விழுந்தவுடன் இவை நீருடன் கலந்து வழுக்கும் பூச்சாகின்றன. மழை வலுத்து நீடித்தால் அப்பூச்சின் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடும். ஆதலால் சிறு தூறல்தானே என்று அசட்டையாக இருத்தல் கூடாது. மழை தொடங்கும் வேளையில் லாரியைச் சாலையை விட்டு விலகிய கெட்டித் தரையில் சிறிது நேரம் நிறுத்திவைத்தல் உத்தமம்.

வேகமும் தூரமும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் தடையைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் இத்தூரம் கழிந்துவிடுகின்றது. அதன் பின்னரும் ஈரச் சாலையில் டயரின் பிடிப்புக் குறைவாதலால், லாரி நிற்பதற்கு உலர்ந்த சாலையைவிட மிகுந்த தூரம் வேண்டும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். வேகம் பாதியானால் அத்தூரம் கால் பங்காகும். விடியுமுன் சந்தை சேரவேண்டுமென்று டிரைவரை வற்புறுத்துவோர் இக்கணக்கை மனத்திற்கொள்ளல் வேண்டும். நேரம் தேவையாயின் முன்னதாகவே பாரமேற்றி அனுப்புவதே முறை.

நனைந்த சரக்கின் எடை

மூட்டைகளை எண்ணிப் பாரம் மதிப்பிடுவது மழைக்காலத்தில் ஏமாற்றம் தரும். நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள 10 டன் நெல், 17 பங்கு ஈரத்திற்கு உலர்ந்தால் ஏறக்குறைய 9.4 டன் ஆகும். அதாவது உலர்த்தாத நெல்லை அனுப்புகிறவர் 600 கிலோ தண்ணீரையும் சேர்த்து லாரியில் ஏற்றுகின்றார். ஆகவே எடைமேடையில் நிறுத்துப் பார்த்தே லாரியை அனுப்புதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மிகைப் பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கின்றது. அவ்வாறு ஓட்டுபவர் மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரும் இக்குற்றத்திற்கு உள்ளாவர் என்பது கவனிக்கத்தக்கது.

கனத்த மூட்டைகளை அடியிலும் நடுவிலும் பரப்பி அடுக்குதல் நன்று. உயர்ந்த பாரம் வளைவில் லாரியைக் கவிழ்க்கும். கயிறு நனைந்தும் உலர்ந்தும் இறுக்கம் மாறுமாதலால் வழியில் ஓரிருமுறை அதைச் சோதிக்கவேண்டும். சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரியும் ஈரச் சாலையில் எளிதில் சறுக்கக்கூடியது.

இறக்கமும் தேய்ந்த டயரும்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் லாரிகள் தொப்பூர்க் கணவாயில் நெடுந்தூரம் இறங்கவேண்டும். விபத்துகளுக்குப் பேர்போன இடம் அது. டீசல் மிச்சப்படும் என்று கருதி, கியரை விலக்கி இறங்கினால் பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்க நேரிடும். அது சூடேறிப் பயனற்றுப் போகும். இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறுதல் இன்றியமையாதது.

வாடகை பேசும்போதே டயரையும் பார்வையிடல் வேண்டும். நீரை வெளியேற்றும் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துள்ள டயர் மழைக்கு உதவாது. விளக்குகளும், முன்கண்ணாடியைத் துடைக்கும் கருவியும் சரியாக இயங்குகின்றனவா என்பதையும் அறிதல் வேண்டும்.

கிராமத்தார் செய்யத்தக்கவை

கோவில்பட்டி, விளாத்திகுளம் போன்ற கரிசற் பகுதிகளில் மழை பெய்ததும் சாலையோர மண் இளகிவிடும். எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்கும் லாரியின் சக்கரம் அதில் புதைந்து சாய்வதுண்டு. அவ்வாறு இளகும் இடங்களில் கிராம அதிகாரிகள் குறிக்கல் நட்டு எச்சரித்தல் நலம். டிராக்டர்ச் சக்கரத்திலிருந்து சாலையில் உதிரும் சேற்றை அந்நிலத்துக்குரியவர் உடனே வழித்தெடுத்தல் வேண்டும். அது பின்வரும் வண்டிகளைச் சறுக்கச் செய்யும். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடும்போது இருபுறமும் ஆள் நிறுத்தி, சிவப்பு விளக்குக் காட்டி, போக்குவரத்தை நிறுத்திவைத்தல் அதிகாரிகளின் பொறுப்பாகும். நீர் வடிந்து குறைந்த பின்னரே லாரியை விடல் வேண்டும். தேங்கிய நீரைக் கடந்த டிரைவர், சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாக மிதித்து உலர்த்திக்கொள்ளுதல் அவசியம்.

மழையில் தங்கி மறுநாள் சேரும் சரக்குக்கு விலை சற்றுக் குறையலாம். கவிழ்ந்த லாரியிலோ சரக்கும் போகும். டிரைவரையும், மூட்டைகளின் மேல் அமர்ந்து செல்லும் கூலியாட்களையும் நம்பிய குடும்பங்கள் திக்கற்றுப் போகும். மூட்டைகளின் மேல் ஒருவரையும் ஏறவிடாமலும், மழை வலுத்தால் தங்கி வரலாமென்று டிரைவருக்கு வெளிப்படையாகச் சொல்லியும் லாரியை அனுப்புவது ஒவ்வொரு மிராசுதாரரின் கடமையாகும்.