காய்ச்சலில் வாழும் கிருமி

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகலை நோக்கி இறங்கும் வீதியில் அமைந்த கலகெதர, இரு தட்பவெப்பங்களின் வாயிற்படி எனத் தக்கது. மலைநாட்டுக் குளிர் இங்கே தளரும்; தாழ்நிலப் புழுக்கம் தலைகாட்டும். 1934ஆம் ஆண்டு மழை பொய்த்து, ஓடிய ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கியபோது, அவற்றிலே நுளம்பு பெருகிற்று. 1934-35இல் மலேரியா கொண்டுபோன உயிர்கள் ஏறத்தாழ 80,000. குருநாகல், கேகாலைப் பகுதிகள் பட்ட பாடு பெரிது. குளிரால் நடுங்கி, நெருப்பாய்க் கொதித்து, வேர்த்து ஓய்ந்து, ஒருநாள் விட்டு மறுநாள் மீண்டும் நடுங்கிய கதையை மூத்தோர் வாயிலாக நானும் கேட்டதுண்டு.

அக்கதையைக் கேட்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு கேள்வி எழும். நோயாளியின் உடல் 40 பாகை செல்சியசையும் கடந்து கொதிக்கிறது. அவனுடைய செங்குருதிக் கலத்தினுள்ளே குடியிருக்கும் ஒட்டுண்ணி மட்டும் வேகாமல் இருப்பது எங்ஙனம்?

முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவதை அறியாதார் யார்? உயிர்க்கலத்தின் புரதங்களும் வெப்பம் மிகுந்தால் மடிப்புக் குலைந்து பயனற்றுப் போவன. அவற்றைத் தாங்கி நிறுத்தும் காவற்புரதங்கள் சில உள. 1962இல் ரிட்டோசா என்ற இத்தாலிய அறிஞர், தற்செயலாகச் சூடேறிய பழ ஈக்களின் நிறமூர்த்தங்களில் புதிய வீக்கங்களைக் கண்டார். உறங்கிய பரம்பரையலகுகள் வெப்பத்தால் விழித்தெழுந்ததன் அடையாளம் அது. ஈஸ்ட் முதல் மனிதன் வரை இவ்விழிப்பை நடத்துவது ஏறக்குறைய ஒரேவகை ஆணைப்புரதமே.

ஆனால், மலேரியாக் கிருமிகளுள் கொடியதான பல்சிபாரத்தின் பரம்பரையலகுத் தொகுதி 2002இல் முழுவதும் வாசிக்கப்பட்டபோது, அந்த ஆணைப்புரதம் அதில் இல்லை! தலைவனின்றிப் படை நடந்ததா? விடை கிடைக்க 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பார்சலோனாவில் அல்பிரட் கோர்டேசு குழுவினர் ஒரு மாற்றுத் தலைவனைக் கண்டனர். ஏபி2-எச்எஸ் என்பது அதன் பெயர். தாவரங்களில் மிகுதியாகக் காணப்படும் ஒரு புரதக் குடும்பத்துக்கு இது உறவு. விலங்கின் குருதியில் வாழும் உயிருக்குச் செடியின் சாயல்! வெப்பம் ஏறியதும், எச்எஸ்பி70, எச்எஸ்பி90 முதலான மிகச் சில காவற்புரதங்களின் பரம்பரையலகுகளையே அது முடுக்கிவிடுகிறது.

இக்கண்டுபிடிப்பில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. ஆய்வுகூடத்தில் 37 பாகையிலே, காய்ச்சலையே காணாமல் சுகமாக வளர்ந்த கிருமிகளுட் சில, இப்புரதத்தைப் பழுதாக்கிவிட்டிருந்தன. அவற்றை 41.5 பாகையில் மூன்று மணி நேரம் வைத்தபோது பெரும்பாலும் மாண்டன. நோயாளியின் காய்ச்சலே கிருமியின் இந்த ஆற்றலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறது போலும்.

மருத்துவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. இன்றைய தலைசிறந்த மலேரியா மருந்தான ஆட்டிமிசினினும் கிருமியின் புரதங்களைச் சிதைப்பது. ஏபி2-எச்எஸ் இல்லாத கிருமிகள் அம்மருந்துக்கும் எளிதில் இரையாகின்றன. அம்மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் தென்கிழக்காசியாவிலும் ஆபிரிக்காவிலும் தோன்றியுள்ள இக்காலத்தில் இது சிறு செய்தியன்று.

இலங்கையில் உள்ளூரிலே தொற்றிய தொடர் மலேரியா 2012உடன் ஓய்ந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியாவற்றதென அறிவித்தது. இப்போது இங்கு காணப்படும் நோயாளர் பெரும்பாலும் பிறநாடு சென்று திரும்புவோரே. நோயைப் பரப்பிய நுளம்போ இன்னும் நம் நாட்டு நீர்நிலைகளில் இருக்கிறது.