போதைப்பொருள் வழக்கும் தற்காப்பும்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, சிலப்பதிகாரத்தில் நீதி என்றோ மனுநீதிச் சோழன் என்றோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். தலைப்பைச் சொன்னதும் சிறிது நேரம் பேச்சே இல்லை. "குடும்பத்தோட படிக்கிற மலராச்சே, சார்" என்றார் ஒருவர். அதனால்தான் எழுதுகிறேன். டில்லி நீதிமன்றங்களில் தொழில் செய்யும் எனக்கு நம்மவர் வீடுகளிலிருந்து இப்படிப்பட்ட அழைப்புகள் வருவது உண்டு. பெரும்பாலும் பையன் கைதாகி நான்கைந்து நாள் கழித்துத்தான் வரும். ஊரில் தெரிந்துவிடக் கூடாதே என்று மறைத்து வைத்திருந்தோம் என்பார்கள். அந்த நான்கைந்து நாளில் வழக்கின் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், வழக்கறிஞர்கள் வழக்கில் என்.டி.பி.எஸ். சட்டம், மற்றக் குற்றவியல் சட்டங்களைப் போன்றதன்று. சாதாரண வழக்கில் குற்றத்தை அரசு மெய்ப்பிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்காமலே இருக்கலாம். இச்சட்டத்தின் 35, 54 ஆகிய பிரிவுகள், பொருள் ஒருவர் வசம் இருந்ததென்று அரசு முதலில் நிறுவிவிட்டால், அவர் அறிந்தே வைத்திருந்தார் என்று நீதிமன்றம் ஊகிக்க இடம் தருகின்றன. இல்லை என்று காட்டும் பாரம் அவர் தலையில் விழுகிறது. ஆகவே தற்காப்பின் கவனமெல்லாம் அந்த முதல் படியில் இருக்க வேண்டும்: பொருள் உண்மையிலேயே அவர் வசம் இருந்ததா, சட்டம் சொன்னபடி கைப்பற்றப்பட்டதா, கைப்பற்றியதுதான் ஆய்வகத்துக்குப் போனதா?

அடுத்தது அளவு. 2001 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை ஒவ்வொரு பொருளுக்கும் சிறிய அளவு, வணிக அளவு என்று இரண்டு எல்லைகளை வகுத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோ, 20 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். இக்காலப் பிள்ளைகள் விருந்துகளில் கைமாற்றிக்கொள்ளும் எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம், 10 கிராம். பத்தே கிராம்! அதைத் தாண்டினால் குறைந்தபட்சம் 10 ஆண்டுச் சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம். "நண்பனுக்காக வாங்கி வச்சிருந்தேன் அங்கிள்" என்று சொல்லும் பையனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருப்பதில்லை. கலப்படப் பொருளாயின் தூய போதைப்பொருளின் எடையை மட்டும் பார்ப்பதா, மொத்த எடையையா என்ற கேள்விக்கு, ஹீரா சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் மொத்த எடைதான் என்று முடிவு சொல்லிவிட்டது. கஞ்சாவில் மட்டும் எடையைப் பற்றி வாதாட ஒரு வழி உண்டு. சட்டத்தின் விளக்கப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி. நுனி சேராத தனி இலையும் விதையும் கஞ்சா ஆகா. 21 கிலோ என்று எழுதப்பட்ட மூட்டையில் என்னென்ன இருந்தது, பிரித்து எடை போட்டார்களா என்று கேட்பது வெறும் வாய்ச் சாமர்த்தியமல்ல. ஜாமீனே அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

இனி நம்மவர்க்கு மிக வேண்டியது. 50ஆம் பிரிவின்படி, ஒருவரது உடலைச் சோதிக்கும் முன், "அருகிலுள்ள மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உமக்கு உரிமை உண்டு" என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். பல்தேவ் சிங் வழக்கில் 1999இலும் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கில் 2010இலும் அரசியல் சாசன அமர்வுகள் இதை வலியுறுத்தின. தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு கவனமாக நடைமுறையும் இருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்புகளின் சாரம். 2014இல் பரமானந்த் வழக்கில், இருவருக்குமாகச் சேர்த்து ஒரே தாளில் அறிவித்து ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கியது செல்லாது என்றாயிற்று. ஆனால் இவ்வுரிமை உடலைச் சோதிப்பதற்கு மட்டுமே. பையிலோ வண்டியிலோ அறையிலோ கிடைத்தால் 50ஆம் பிரிவு உதவாது. பாதி வழக்குகளில் குடும்பத்தார் இதில் நம்பிக்கை வைத்து ஏமாறுகிறார்கள்.

நான் நடத்திய வழக்கொன்றில், மதுரைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் ஒருவரின் பெயரில் அச்சடித்த இந்தி நோட்டீசு இருந்தது. "எனக்குக் கெஜட்டட் அதிகாரி வேண்டாம், இவர்களே சோதிக்கலாம்" என்று அதில் அவர் இந்தியில் சொன்னதாக எழுதியிருந்தது. கீழே தமிழில் கையெழுத்து. வந்து ஒரு மாதம்கூட ஆகாத அவருக்கு அப்போது "பானி" தெரியும், "கித்னா" தெரியும், அவ்வளவுதான். உரிமையைச் சொல்வதென்றால் கேட்பவருக்குப் புரியும்படி சொல்வதுதானே? குறுக்கு விசாரணையில் கேட்டபோது, மொழிபெயர்த்தவர் யார் என்பதற்குச் சாட்சியிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வி வழக்கின் போக்கை மாற்றியது. ஆனால் அதற்குள் அவர் மூன்று ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்.

ஆகவே பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்: படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடும்படி ஆகிவிட்டால், "வாசித்துக் காட்டவில்லை, எனக்கு இம்மொழி தெரியாது" என்று தமிழிலேயே மேலே எழுதிக் கையெழுத்திடலாம். எழுத விடவில்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைதுக்கான காரணங்களை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்த நம் போன்றோருக்கு இது பெரிய காப்பு. கேட்டால்தான் கிடைக்கும்.

ஒப்புதல் வாக்குமூலம் பற்றியும் ஒரு சொல். முன்பெல்லாம் 67ஆம் பிரிவின்கீழ் அதிகாரிகள் எழுதி வாங்கிய வாக்குமூலமே தண்டனைக்குப் போதும் என்ற நிலை இருந்தது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 2020 அக்டோபரில் மூவர் அமர்வில் இருவர் பெரும்பான்மையாக அதை மாற்றினார்கள். அந்த அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே. அவர்களிடம் சொன்ன ஒப்புதலைக் கொண்டு தண்டிக்க முடியாது. "என் பேரை அவன் சொல்லிட்டான்" என்று மற்றொருவன் வாய்மொழியால் மட்டுமே மாட்டிக்கொண்ட எத்தனையோ பேருக்கு ஜாமீன் கிடைக்க இத்தீர்ப்பு வழி செய்தது.

கைப்பற்றிய பொருளிலிருந்து மாதிரி எடுப்பதை மாஜிஸ்திரேட் முன்னிலையில் செய்ய வேண்டும் என்கிறது 52ஏ பிரிவு. மோகன்லால் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. நல்ல வழக்கறிஞர் முதலில் பார்ப்பது முத்திரை யார் கையில் இருந்தது, மாதிரி எந்தத் தேதியில் கிடங்கை விட்டுப் போனது, ஆய்வகத்தில் எடை எவ்வளவு என்ற மூன்றையும்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையைக் காணொளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவைக் கேளுங்கள். தெருக் கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். பையன் வேறிடத்தில் இருந்தான் என்றால், அதையும் கைபேசி இருப்பிடத் தகவலையும் பாதுகாக்கும்படி உடனே நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். குடும்பத்தார் தாமதிப்பதால் உண்டாகும் பெரிய நட்டம் இதுதான்.

ஜாமீன்? வணிக அளவென்றால் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளியல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிபதி திருப்தி அடைந்தாக வேண்டும். அதற்கும் குறைந்த அளவென்றால் இத்தடை இல்லை. வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், நீதிமன்றம் நீட்டிப்பு தந்திராவிட்டால், ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் மனுப் போட வேண்டும். 181ஆம் நாள் சும்மா இருந்து, பிறகு குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அவ்வுரிமை போய்விடும். நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தால் 37ஆம் பிரிவையும் மீறி ஜாமீன் தரலாம் என்று முகமது முஸ்லிம் வழக்கில் 2023இல் தீர்ப்பாயிற்று.

லாரித் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. ஓட்டுநர் செய்த காரியத்துக்கு வண்டி ஆண்டுக்கணக்கில் காவல் நிலைய வாசலில் துருப்பிடிக்க வேண்டியதில்லை. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று காட்டும் உரிமையாளர், வழக்கு முடியும்வரை வண்டியை இடைக்காலமாகக் கேட்டுப் பெறலாம். உச்ச நீதிமன்றம் 2025இல் அஸ்ஸாம் வழக்கொன்றிலும் தமிழ்நாட்டு வழக்கொன்றிலும் இதைச் சொல்லியிருக்கிறது.

"கஞ்சா வியாபாரிக்கு வழி சொல்லித் தருகிறீரா?" என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லட்டும். பெரிய வியாபாரிக்கு என் கட்டுரை வேண்டியதில்லை. அவனுக்கு ஏற்கெனவே வக்கீல் உண்டு. விடுதி அறையைப் பகிர்ந்துகொண்டவனுக்கும், ஐந்நூறு ரூபாய்க்குப் பார்சல் தூக்கியவனுக்கும்தான் யாரும் இல்லை. "அம்பதாயிரம் குடுங்க, கேசே இல்லாம பண்ணிடறேன்" என்று நீதிமன்ற வாசலில் வரும் தரகரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எதுவானாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேட்கலாம்.

பிள்ளை விற்கவில்லை, பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டான் என்றால் வேறு வாசல் இருக்கிறது. உட்கொண்டதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்குள்ள அடிமைப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாகச் சிகிச்சைக்குச் சேர்ந்தால், 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. சிகிச்சையை முழுவதும் முடிக்க வேண்டும். நடுவில் விட்டு வந்தால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.