புற்று போன பிறகும் வலி ஏன்?

கட்டியை எடுத்தாயிற்று, ஸ்கேனும் சுத்தம். ஆனாலும் ரவிக்கைக் கொக்கியை மாட்ட விரல் ஒத்துழைக்கவில்லை, பாதம் எரிகிறது. ஏன்?

பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் புற்றணுக்களோடு நரம்புகளையும் பதம் பார்க்கின்றன. நீளமான நரம்புகளின் நுனிதான் முதலில் அடிபடும். அதனால்தான் கால்விரலிலும் கைவிரலிலும் மரமரப்பு, எரிச்சல். மார்பக அறுவையின்போது அக்குள் வழியே ஓடும் நரம்பு சேதமானால், மேல்கையின் உட்புறம் வலிக்கும். 3 மாதம் தாண்டினால் அது நாள்பட்ட வலி.

ஒரே மாதிரி வலி ஒருவரை முடக்குகிறது, இன்னொருவரை நடமாட விடுகிறது. எப்படி? தண்டுவடத்தில் வலிக்கு ஒரு 'கதவு' உண்டு, அதை மூளையும் திறக்கும், சாத்தும் என்ற கருத்தை 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். எதற்கும் பதறும் சுபாவக்காரருக்கு ஒவ்வொரு 'சுருக்'கும் 'திரும்ப வந்துவிட்டதோ?' என்ற பயமாகிறது. பயம் அந்தக் கதவைத் திறந்துவிடும், தூக்கத்தையும் கெடுக்கும்; தூக்கம் கெட்டால் வலி கூடும்.

அதற்காக வலி கற்பனையல்ல. சுபாவம் குற்றமும் அல்ல. நரம்பு வலிக்கு டுலோக்சிடின் மாத்திரை உண்டு. பயத்தைக் கையாள மனநலப் பயிற்சி உண்டு. 'உயிர் பிழைத்ததே போதும்' என்று பல்லைக் கடிக்காமல், மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்வதே முதல் படி.