உஷார்! கடலில் கை நடுங்கி நிற்பவரை அதட்டாதீர்கள்

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி விசைப்படகுக்காரர்களே, ஐஸும் டீசலும் ஏற்றும்போது உங்கள் ஆட்களின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கடலைப் புரட்டியது. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி நாள்கணக்கில் மிதந்து, பக்கத்தில் கிடந்தவர் கைநழுவிப் போவதைக் கண்ணால் கண்டு கரையேறியவர்கள் உண்டு. பிழைப்புக்கு வேறு வழி ஏது? அதே கடல்தான் அவர்களுக்குத் தொழிலிடம். 2004 சுனாமியில் குடும்பத்தைப் பறிகொடுத்த குளச்சல், மணக்குடிக்காரர்கள் கதையும் இதுதான்.

காற்று திடீரென்று இரையும், வயர்லெஸ் கரகரக்கும், டீசல் கலந்த உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அப்படிப் பிழைத்து வந்தவருக்கு அவ்வளவு போதும். மூச்சு முட்டும், கூப்பிட்டால் காதில் ஏறாது, பிடித்த கயிற்றைப் பிடித்தபடியே கை உறைந்து நிற்கும். பழைய ஆபத்தின் அடையாளம் பட்டதுமே, யோசிக்க இடம் கொடுக்காமல் மூளை உடம்பை உசுப்பிவிடுகிறது. அந்த நிமிடத்தில் அவருக்கு இது 2017. கோழைத்தனம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

தூண்டில் ஓடும் நேரத்தில் இப்படி நடந்தால் கொக்கி கையில் ஏறும், கயிறு காலைச் சுற்றும். உயிர் போகும் விஷயம்!

'பயந்தாங்கொள்ளி' என்று சிரிப்பது, பின்னாலிருந்து முதுகில் ஓங்கித் தட்டுவது, ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுப்பது எல்லாமே கெடுதல். சாராயம் நடுக்கத்தை ஓர் இரவு அமுக்கும். தூக்கத்தைக் கெடுத்து அடுத்த முறை இன்னும் கூட்டும்.

முதலில் படகு விளிம்பையும் வின்ச்சையும் விட்டு உள்ளே கூட்டிவந்து உட்கார வையுங்கள். முன்னால் நின்று, "அண்ணே, நம்ம போட்டுலதான் இருக்கோம், நான் பக்கத்துல நிக்கேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பலகையில் காலை அழுத்தி ஊன்றி, மூச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். அன்றைக்குக் கயிற்று வேலையை வேறொருவர் பார்க்கட்டும். கூலியில் கை வைக்காதீர்கள். வைத்தால் அடுத்தவர் நடுக்கத்தை மறைப்பார்.

மாதக்கணக்கில் கெட்ட கனவும் தூக்கமின்மையும் இருந்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள், படகில் ஏற்றாதீர்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஆழ்கடலில் டவர் கிடைக்காது. கரையில் நிற்கும்போதே கூப்பிடுங்கள்.