வீட்டிலேயே பல நாட்டுக் காப்பி: தூள், சூடு, நேரம்

பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் "ஒரு ஃபில்டர் காப்பி" என்று கேட்டால் டவரா டம்ளரில் நுரையோடு வரும். சீனர் காப்பிக்கடையில் "கோப்பி" என்று சொன்னால் தடித்த பீங்கான் கோப்பையில், டின் பால் கலந்து வரும். இரண்டும் காப்பிதான். ஆனால் நிறம் வேறு, மணம் வேறு, கசப்பும் வேறு. ஏன்? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், துருக்கிக் காப்பியையும் வியட்நாம் காப்பியையும் நம்ம வீட்டு அடுப்படியிலேயே போடலாம். விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம்.

மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். செய்முறையை மட்டும் வரிசையாக எழுதினால் அது சமையல் குறிப்பு. ஒவ்வொரு படிக்கும் காரணம் சொன்னால்தான் அது விளக்கக் கட்டுரை.

நம்ம ஊரும் காப்பியும்

சிலாங்கூரில் ரப்பருக்கு முன்பே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அங்கே நொடித்துப்போன தோட்ட முதலாளிகளில் சிலர் மலாயாவுக்கு வந்தனர். வெப்பமான தாழ்நிலத்திலும் வளரும் லைபீரிக்கா வகையை நட்டனர். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. பூச்சித் தொல்லையும் சேர்ந்துகொள்ள, காப்பி நிலங்கள் ரப்பருக்கு மாறின. ஆக, பால்மரம் வெட்டுவதற்கு முன்பே காப்பிப் பழம் பறித்த தமிழர்களும் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். இன்றும் மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி லைபீரிக்காதான்.

மூன்று அடிப்படைகள்

காப்பி போடுவது என்பது தூளில் உள்ள சுவையை நீரில் இறக்குவது. முதலில் புளிப்பு இறங்கும், அடுத்து இனிப்பும் மணமும், கடைசியில் கசப்பு. எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் சுவை இருக்கிறது. அதைத் தீர்மானிப்பவை மூன்று:

1. தூளின் பருமன்: நைசான தூளில் சுவை வேகமாக இறங்கும், கொரகொரப்பான தூளில் மெதுவாக இறங்கும்.
2. நீரின் சூடு: சூடு கூடினால் கசப்பும் கூடும்.
3. நேரம்: நீரும் தூளும் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கின்றன என்பது.

நான்கு காப்பிகள்

ஃபில்டர் காப்பி (தமிழ்நாடு): ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் 20 கிராம் தூள் போட்டு, குடைத் தட்டால் லேசாக அமுக்குங்கள். கொதித்து இறக்கிய நீர் 120 மில்லிலிட்டர் ஊற்றி மூடிவையுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். இரண்டே நிமிடத்தில் இறங்கிவிட்டால் தூள் பருமன் என்று பொருள். இறங்கவே இல்லையென்றால் தூள் ரொம்ப நைஸ், அல்லது அதிகமாக அமுக்கிவிட்டீர்கள். சூடான பாலோடு கலந்து, டவராவில் ஆற்றிக் குடிக்கலாம். பல தூள்களில் சிக்கரி என்ற வறுத்த வேரைச் சேர்க்கிறார்கள். டிக்காஷன் கெட்டியாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோப்பி (மலேசியா): இங்கே கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது வழக்கம். சீனி கருகுவதால்தான் அந்தக் கறுப்பு நிறமும் புகை மணமும். 15 கிராம் தூளைத் துணி வடிகட்டியில் போட்டு, 150 மில்லிலிட்டர் கொதிநீர் ஊற்றி, நான்கு நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். "கோப்பி ஓ" என்பதில் வரும் 'ஓ' ஹொக்கியன் மொழியில் கறுப்பைக் குறிக்கும். அதாவது பால் கிடையாது, சீனி உண்டு. சீனியும் வேண்டாம் என்றால் "கோப்பி ஓ கொசோங்".

வியட்நாம் காப்பி: பிரெஞ்சுக்காரர்கள் 1857 வாக்கில் கொண்டுபோன பயிர் இது. கோப்பையின் மேல் உட்காரும் சிறு உலோக வடிகட்டிக்கு 'ஃபின்' என்று பெயர். நம்ம ஃபில்டருக்கு அது தம்பி மாதிரிதான். ஃபின் இல்லையா? நம்ம ஃபில்டரிலேயே சற்றுப் பருமனான தூளைப் போடுங்கள். முதலில் கொஞ்சம் சுடுநீர் விட்டு, அரை நிமிடம் தூளை ஊறவிட்டு, பிறகு மீதி நீரை ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். டின் பாலும் ஐஸும் சேர்த்தால் வேலை முடிந்தது.

துருக்கிக் காப்பி: இதில் வடிகட்டலே கிடையாது. அதனால் தூள் மாவு போல இருக்க வேண்டும். சிறு பாத்திரத்தில் 7 கிராம் தூள், 70 மில்லிலிட்டர் குளிர்ந்த நீர், சீனி வேண்டுமானால் அதையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, சிறு தீயில் வையுங்கள். நுரை எழும்பி வரும், கொதிப்பதற்குள் இறக்கிவிடுங்கள். தூள் அடியில் படிய இரண்டு நிமிடம் விட்டு, மேலாகக் குடியுங்கள். இந்தக் காப்பிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2013இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சீனி யார் கையில்?

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். ஒரு மேசைக்கரண்டி டின் பால் ஏறத்தாழ 20 கிராம். அதில் பாதிக்கு மேல் சீனி, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கு மேல். அதன் மேல் இன்னும் சீனி போடுவதும் உண்டு. கடையில் "குராங் மானிஸ்" என்று சொல்லலாம், ஆனால் எவ்வளவு குறைத்தார்கள் என்று தெரியாது. வீட்டில் கரண்டி நம்ம கையில். வீட்டுக் காப்பியின் பெரிய ஆதாயம் இதுதான்.

தேர்வு எழுதுவோருக்கு

இரவு கண்விழித்துப் படிக்கக் காப்பி உதவும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பதின்ம வயதினருக்கு ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபின் வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணிப்பு. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது 150 மில்லிகிராம். ரொபஸ்தா கொட்டையில் சுமார் 2 விழுக்காடு காஃபின் உண்டு. அராபிக்காவில் சுமார் 1.2 விழுக்காடுதான். கலப்பில்லாத ரொபஸ்தா தூள் 10 கிராம் எடுத்தால் அதிலேயே ஏறத்தாழ 200 மில்லிகிராம். முழுவதும் நீரில் இறங்காவிட்டாலும், ஒரு கோப்பையே வரம்பை நெருங்கிவிடலாம்.

இன்னொன்று: குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்குக் குடித்தால், அதிகாலை 2 மணிக்கும் பாதி மிச்சம். படித்தது மனத்தில் பதிவதற்குத் தூக்கம் தேவை. அந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிப்பதில் லாபம் இல்லை. காலையிலோ மதியத்திலோ ஒரு கோப்பை போதும். மாலைக்கு மேல் வேண்டாம்.

வகுப்பறைப் பயிற்சி

1. 'துருக்கிக் காப்பித்தூளை ஃபில்டரில் போட்டால் என்ன ஆகும்?' மூன்று அடிப்படைகளைக் கொண்டு காரணத்தோடு விளக்குக.
2. உங்கள் வீட்டில் காப்பியோ தேநீரோ போடும் முறையை ஆறு படிகளாக எழுதுக. ஒவ்வொரு படிக்கும் 'ஏனெனில்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் சேர்க்க.
3. கோப்பி, டிக்காஷன், டவரா, கொசோங்: இச்சொற்கள் எந்தெந்த மொழிகளிலிருந்து வந்தவை? குழுவாகத் தேடிக் கண்டறிக.