வண்டி இல்லாதவருக்கு வழி என்ன? ஓட்டு கேட்டு வருபவரிடம் கேளுங்கள்!

திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது சேவுகம்பட்டி பேரூராட்சி. தை மாதத்தில் பெருமாள் கோவிலில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழாவுக்குப் பெயர் பெற்ற ஊர்.

2022-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி தமிழ்நாட்டில் பேரூராட்சித் தேர்தல் நடந்தது. வேட்பாளர்கள் வீடு வீடாகச் சென்று ஓட்டு கேட்டார்கள்.

"ரோடு போட்டுத் தருகிறேன்" என்று சொல்லாத வேட்பாளர் உண்டா?

ஆனால், அந்த ரோடு யாருக்கு? வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும்தானா?

பஸ்சில் ஏறத் தடை

இந்தக் கேள்விக்குச் செயலில் பதில் சொன்ன ஒருவர், பக்கத்தில் உள்ள பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர். அவர்தான் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் (1893-1953).

வெள்ளைக்காரர் ஆட்சியில் அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்தார்கள். கையில் காசு இருந்தும் அவர்கள் நடக்க வேண்டியதுதான்!

தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றாத பஸ்சுக்கு லைசென்சு ரத்து என்று அவர் உத்தரவு போட்டார். இதற்குப் புது ரோடு தேவைப்படவில்லை. துணிச்சல்தான் தேவைப்பட்டது.

சைக்கிள் பழகிய பெண்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலாராணி சுங்கத் ஊக்கம் கொடுத்தார்.

தண்ணீர் கொண்டு வரவும் வேலைக்குப் போகவும் அந்தப் பெண்கள் பிறர் கையை எதிர்பார்க்கவில்லை. சைக்கிளுக்குப் பெட்ரோல் செலவு இல்லை, புகையும் இல்லை!

நடப்பவருக்கு இடம்

சென்னையில் உள்ள பாண்டி பஜார், சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்த கடைவீதி. கார்கள் நெருக்கிய அந்த வீதியில், 2019 நவம்பரில் நடப்பவர்களுக்காக அகலமான நடைபாதை திறக்கப்பட்டது.

கவுன்சிலர் என்ன செய்யலாம்?

பஸ் விடுவது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வேலை. கவுன்சிலரால் பஸ் விட முடியாது. ஆனால், பஸ் வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரலாம்.

சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணம் இன்றிப் போகும் திட்டம் 2021 மே மாதம் வந்தது. டிக்கெட் இலவசமானால் போதுமா? நேரத்துக்குப் பஸ் வர வேண்டாமா? காத்து நிற்க நிழல் வேண்டாமா?

பஸ் நிற்கும் இடத்தில் கூரை, பெஞ்சு. பள்ளிக்கூடம் போகும் வழியில் தெருவிளக்கு. திறந்து கிடக்கும் சாக்கடைக்கு மூடி. இவை பேரூராட்சியால் ஆகக்கூடியவை. செலவும் பெரிது அல்ல.

ஒரு பஸ்சில் 50 பேர் போகலாம். அதே 50 பேர் மோட்டார் சைக்கிளில் இருவர் இருவராகப் போனால் 25 வண்டி வேண்டும். ரோடு எத்தனை அகலமானாலும் போதுமா?

அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வேட்பாளர் வருவார். கும்பிடு போடுவார். அப்போது ஒன்று கேளுங்கள்:

"வண்டி இல்லாத நாங்கள் ஆஸ்பத்திரிக்கும், பள்ளிக்கூடத்துக்கும், சந்தைக்கும் எப்படிப் போவது ஐயா?"

பதில் சொல்கிறவருக்கு ஓட்டுப் போடுங்கள்!